மோட்டார் சைக்கிள் சக்கரத்தை வீட்டிலேயே பேணும் முறை

நம் நாட்டில் பதிவாகியுள்ள மோட்டார் வண்டிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இருசக்கர வண்டிகளே ஆகும். பால் வியாபாரியும் பள்ளி ஆசிரியரும், தபால் ஊழியரும் கிராமச் செவிலியரும் இவ்வண்டிகளை நம்பியே தத்தம் அலுவல்களை நடத்தி வருகின்றனர். பழுது பார்க்கும் பட்டறை பல கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஊர்கள் இந்நாட்டில் எண்ணற்றவை. அத்தகைய ஊர்களில் வண்டியின் சொந்தக்காரரே அதன் முதல் மெக்கானிக்காகவும் இருக்க வேண்டியிருக்கிறது. பட்டறைகள் மலிந்த நகரங்களில் வாழ்வோருக்கும் இவ்வறிவு வேண்டாததன்று; பிறர் செய்த வேலை சரியாகச் செய்யப்பட்டிருக்கிறதா என்று அறிந்துகொள்ளவேனும் அது பயன்படும்.

எஞ்சினில் கோளாறு நேர்ந்தால் வண்டி நின்றுவிடும். அதனால் காலதாமதம் ஏற்படுமேயன்றிப் பெரும்பாலும் உயிருக்கு அபாயம் நேர்வதில்லை. சக்கரத்தின் நிலை வேறு. ஓடும் வேகத்தில் முன் சக்கரத்திலுள்ள காற்று திடீரென வெளியேறிவிட்டால் வண்டியைத் தாங்கி நிறுத்த மூன்றாவது சக்கரம் ஒன்று இல்லை. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் நிகழ்ந்த விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டனர். அவர்களுள் நூற்றுக்கு 44-க்கும் மேற்பட்டோர் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். இவ்விபத்துகளில் பலவற்றுக்கு வேறு காரணங்கள் உண்டு என்பது உண்மையே. ஆயினும் சாலைக்கும் வண்டிக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு சிறியது என்பதை ஓர் எளிய கணக்கினால் உணரலாம். பின் சக்கரத்தின்மீது 120 கிலோகிராம் பாரம் விழுகிறது என்றும், டயரிலுள்ள காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோகிராம் என்றும் கொள்வோம். டயரின் சுவர்கள் தாமாகத் தாங்கும் சிறு பங்கை விட்டுவிட்டால், தரையைத் தொடும் பரப்பு 60 சதுர சென்டிமீட்டர் ஆகிறது. அதாவது ஓர் அஞ்சலட்டையில் ஏறக்குறையப் பாதி. பிரேக்கின் வலிமையும் வளைவுகளில் சாயும் திறமையும் இந்தப் பாதி அட்டையின் மூலமாகவே தரையைச் சென்றடைய வேண்டும்.

ஆரக்கம்பிகள் செய்யும் வேலை

மாட்டுவண்டிச் சக்கரத்தில் குடத்துக்கும் வட்டைக்கும் இடையே உள்ள ஆரக்கால்கள் தூண்களைப் போன்றவை. எந்தக் கால் அடியில் வருகிறதோ அது அமுக்கத்தைத் தாங்கி அச்சைச் சுமக்கிறது. மோட்டார் சைக்கிளின் ஆரக்கம்பியோ 3 முதல் 4 மில்லிமீட்டர் கனமே உடையது. அதனைச் செங்குத்தாக நிறுத்தி மேலிருந்து அமுக்கினால் உடனே வளைந்துவிடும். இழுப்பதற்கன்றித் தாங்குவதற்குக் கம்பி உதவாது. எனினும் இத்தகைய 36 அல்லது 40 கம்பிகள் ஒன்றுகூடி, இரண்டு ஆட்களையும் ஒரு மூட்டை நெல்லையும் குண்டும் குழியுமான பாதையில் சுமந்து செல்கின்றன. இது எவ்வாறு இயலுகிறது?

இதன் விடை, கம்பிகள் யாவும் பாரம் ஏறுவதற்கு முன்னரே இறுக்கி இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன என்பதில் அடங்கியுள்ளது. பாரம் ஏறும்போது, தரையை அடுத்துள்ள சில கம்பிகளில் மட்டும் இந்த இழுவிசை சற்றுக் குறைகிறது. ஏனைய கம்பிகளில் ஏற்படும் மாற்றம் சொற்பமே. இறுகிய கம்பி தளர்வதும் தூண் அமுங்குவதும் கணக்கின் நோக்கில் ஒன்றேயாகும். குடம் மேற்கம்பிகளிலிருந்து தொங்குகிறது என்பாரும், கீழ்க்கம்பிகளின்மீது நிற்கிறது என்பாரும் நெடுங்காலமாக வாதிட்டு வந்துள்ளனர். இழுவிசையை அளந்து பார்க்குமிடத்து, மாற்றம் முழுவதும் பெரும்பாலும் கீழேயே நிகழக் காணலாம். பாலங்களைக் கட்டுவதில் இன்று பெரிதும் கையாளப்படும் முன்னிறுக்கிய கான்கிரீட்டும் இதே தத்துவத்தை ஒட்டியதுதான்.

இழுவிசையால் தாங்கும் சக்கரம் என்னும் கருத்தை இங்கிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் கேலி என்பவர் 1808-இல் தம் குறிப்பேட்டில் வரைந்து வைத்தார். அவர் எண்ணியது சாலை வண்டியை அன்று. பறக்கும் இயந்திரத்துக்கு வேண்டிய இலேசான சக்கரத்தை. பின்னர் 1874-இல் ஜேம்ஸ் ஸ்டார்லி என்பவர், கம்பிகளைக் குடத்தின் மையத்தை நோக்கி நேராகச் செலுத்தாமல், அதன் விளிம்பைத் தொட்டுச் செல்லுமாறு ஒன்றையொன்று குறுக்கிட்டுப் பின்னும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சங்கிலி குடத்தைச் சுழற்றும்போதும் பிரேக் அதனைத் தடுக்கும்போதும் உண்டாகும் முறுக்கு விசையை இவ்வகைப் பின்னலே நன்கு தாங்குகிறது. 1955-இல் சென்னையில் ராயல் என்பீல்டு புல்லட் வண்டிகளை இணைக்கும் தொழில் தொடங்கியபோது அவ்வண்டிகள் உருண்டதும் இத்தகைய சக்கரங்களின் மீதே. இன்று வார்ப்புச் சக்கரங்கள் மிகுந்துவிட்ட போதிலும், கரடுமுரடான பாதைக்கு ஆரக்கம்பிச் சக்கரமே ஏற்றது என்று கருதுவோர் பலர். அது வளைந்து கொடுக்கும். கெட்டாலும் கையால் சீர்செய்யக்கூடும்.

ஆரக்கம்பி இறுக்கத்தால் அறுவதைவிடத் தளர்ச்சியால் அறுவதே அதிகம் என்னும் உண்மை பலருக்கு வியப்பளிக்கலாம். 18 அங்குல ரிம்மில் ஏற்றிய சாதாரண டயரின் சுற்றளவு சுமார் 1.87 மீட்டர். கிலோமீட்டருக்கு அது ஏறத்தாழ 530 முறை சுழல்கிறது. 10,000 கிலோமீட்டர் ஓடுவதற்குள் 53 லட்சம் முறை. ஒவ்வொரு சுழற்சியிலும் ஒவ்வொரு கம்பியும் ஒரு முறை தளர்ந்து மீண்டும் இறுகுகிறது. கம்பி போதிய இறுக்கத்துடன் இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் அதற்கு ஒரு பொருட்டன்று. தளர்ந்த கம்பியோ ஒவ்வொரு முறையும் அடியோடு நெகிழ்ந்து பின்னர் திடுமென இழுபடுகிறது. குடத்தில் கோத்துள்ள வளைவான கழுத்துப் பகுதி இவ்வாறு களைப்புற்று நுண்ணிய வெடிப்புக் கண்டு இறுதியில் முறிகிறது. முறிந்த கம்பியின் பங்கை அதன் அண்டைக் கம்பிகள் ஏற்கின்றன. சில நாட்களில் அவையும் முறிகின்றன. ஒரு கம்பி அறுந்ததைப் பொருட்படுத்தாமல் ஓட்டுவோர், அதற்கடுத்த மாதம் நான்கு கம்பிகளை வாங்க நேர்வது இதனாலேதான்.

கோட்டம் எடுத்தல்

ரிம் ஒரு பக்கமாக நெளிந்தோ உயர்ந்தோ தாழ்ந்தோ ஓடுவதைக் கோட்டம் என்றும், அதனைச் சீர்செய்வதைக் கோட்டம் எடுத்தல் என்றும் சைக்கிள் கடைகளில் வழங்குவர். தொழிலாளரிடையே வழங்கும் இச்சொல்லைவிடப் பொருத்தமான கலைச்சொல்லை அகராதியில் தேட வேண்டிய அவசியமில்லை.

முதலில் கம்பிகளைச் சோதிக்க வேண்டும். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, மெதுவாகச் சுழற்றிக்கொண்டே ஒவ்வொரு கம்பியையும் சிறு திருப்புளியால் தட்டுக. இறுகிய கம்பி கணீரென ஒலிக்கும். தளர்ந்தது மழுங்கிய ஓசை தரும். குடத்தின் ஒரே பக்கத்திலுள்ள ஒரே நீளமான கம்பிகள் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலித்தல் வேண்டும். ஒரு கம்பியை மற்றொன்று தொட்டுக்கொண்டிருந்தால் ஒலி மாறக்கூடும் என்பதால், ஐயம் எழுமிடத்து விரலால் அசைத்தும் பார்க்கலாம். இச்சோதனைக்கு ஐந்து நிமிடங்கூட ஆகாது. மாதம் ஒரு முறை இதனைச் செய்வோர்க்குக் கம்பி அறுதல் என்பது அரிய நிகழ்ச்சியாகிவிடும்.

அடுத்து, பின்புறத்துச் சட்டக்கையிலோ முன்புற ஃபோர்க்கிலோ ஒரு கம்பித் துண்டைக் கட்டி, அதன் முனை ரிம்மின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கச் செய்க. சக்கரத்தைச் சுழற்றினால் எவ்விடத்தில் ரிம் முனையை நெருங்குகிறது, எவ்விடத்தில் விலகுகிறது என்பது புலப்படும். அவ்விடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்துக் கொள்ளலாம். பக்கவாட்டிலும் சரி, மேல் கீழாகவும் சரி, 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கோட்டத்தைப் பல வண்டிகளின் கையேடுகள் அனுமதிப்பதில்லை. கவனமாக வேலை செய்பவர் அதனை ஒரு மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்துவிடலாம்.

மேல் கீழான கோட்டத்தை முதலிலும் பக்கவாட்டுக் கோட்டத்தைப் பின்னரும் திருத்துவதே முறை. ரிம் புடைத்து நிற்கும் இடத்தில் இரு பக்கத்துக் கம்பிகளையும் இறுக்க வேண்டும். தாழ்ந்திருக்கும் இடத்தில் தளர்த்த வேண்டும். பக்கவாட்டில் ரிம் வலப்புறமாக ஒதுங்கியிருந்தால், அவ்விடத்தில் குடத்தின் இடப்பக்கத்திலிருந்து வரும் கம்பிகளை இறுக்கி, வலப்பக்கத்துக் கம்பிகளை அதே அளவு தளர்த்துக. ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் நிப்பிளைத் திருப்பலாகாது. அவசரத்தில் ஒரு முழுச் சுற்றுத் திருப்பி, அதன் விளைவை எதிர்ப்புறத்தில் திருத்த முயன்று, அரை மணி நேரத்தில் சக்கரத்தை அப்பளம்போல் ஆக்கிவிடுவது புதியவர்களுக்கு எளிதில் நேரக்கூடியது.

நிப்பிளை எத்திசையில் திருப்புவது என்பதிலும் குழப்பம் உண்டு. டயர் இருக்கும் பக்கத்திலிருந்து, அதாவது நிப்பிளின் தலையை நோக்கிப் பார்க்கும்போது வலஞ்சுழியாகத் திருப்பினால் கம்பி இறுகும். குடத்தின் பக்கமிருந்து பார்க்கும் கண்ணுக்கு இதே திருப்பம் இடஞ்சுழியாகத் தோன்றும். வேலையைத் தொடங்குமுன் ஒரு நிப்பிளைச் சிறிதளவு திருப்பித் தட்டிப் பார்த்துத் திசையை உறுதி செய்துகொள்வது நலம். துருப்பிடித்த நிப்பிள்களுக்கு முதல் நாளிரவே ஊடுருவும் எண்ணெயை ஒரு சொட்டு விட்டு வைத்தல் வேண்டும். ஆனால் எண்ணெய் டியூபுக்கோ பிரேக்குக்கோ செல்லலாகாது. நிப்பிளுக்கென உள்ள திருகுசாவியையே பயன்படுத்துக. குறடு நிப்பிளின் முனைகளை மழுக்கிவிடும். மழுங்கிய நிப்பிளை அறுத்தெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கால், அரைச் சுற்று அளவிலான திருத்தங்களை டயரைக் கழற்றாமலே செய்யலாம். அதற்கு மேல் இறுக்க நேர்ந்தால் டயரையும் டியூபையும் கழற்றியே ஆக வேண்டும். ஏனெனில் கம்பியின் முனை நிப்பிளின் தலைக்கு மேல் நீண்டு டியூபைக் குத்தக்கூடும். நீண்ட முனைகளை அரத்தால் சமமாக ராவி, அவற்றின்மீது ரிம் நாடாவைச் சுருக்கமின்றி இட்ட பின்னரே டியூபை ஏற்றுதல் வேண்டும்.

அறுந்த கம்பிக்குப் பதிலாக வாங்கும் கம்பி அதே நீளமும் அதே கனமும் கழுத்தில் அதே வளைவும் உடையதாக இருத்தல் வேண்டும். குடத்தின் உட்புறமிருந்து செல்லும் கம்பியும் வெளிப்புறமிருந்து செல்லும் கம்பியும் பல வண்டிகளில் ஒன்றல்ல. பழைய கம்பியை உடன் கொண்டு செல்வதே பாதுகாப்பானது. எல்லாக் கம்பிகளையும் ஒருசேரக் கழற்றிவிட்டுப் புதிதாகப் பின்னும் வேலையில் முதன்முறையிலேயே இறங்குவது விரும்பத்தக்கதன்று. இறங்கியே ஆக வேண்டுமெனில், கழற்றுமுன் இரு பக்கங்களையும் கைப்பேசியால் படம் எடுத்துக்கொள்வதோடு, குடத்தின் விளிம்பிலிருந்து ரிம்மின் விளிம்பு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதையும் அளந்து எழுதி வைக்க வேண்டும். குறிப்பாகப் பின் சக்கரத்தில் ரிம் குடத்தின் நேர் நடுவில் அமைந்திருப்பதில்லை. இவ்வளவு தவறினால் இரு சக்கரங்களும் ஒரே கோட்டில் ஓடமாட்டா.

ரிம்மே கல்லில் மோதி நசுங்கியிருந்தால் கம்பிகளை எவ்வளவு திருகினாலும் பயனில்லை. அத்தகைய ரிம்மை மாற்றிவிட வேண்டியதுதான்.

பஞ்சர் ஒட்டுதல்

காற்றடைத்த டயருக்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் 1845-லேயே காப்புரிமை பெற்றிருந்தார். அது மறக்கப்பட்டுப் போக, 1888-இல் ஜான் பாய்ட் டன்லப் அதனை மீண்டும் கண்டுபிடித்தார். அன்று முதல் பஞ்சரும் மனிதனுடன் வாழ்ந்து வருகிறது. பஞ்சர் ஒட்டுவது எல்லோரும் பார்த்திருக்கும் வேலை. ஆனால் அதிலுள்ள நுட்பங்களைக் கவனித்தவர் சிலரே.

சக்கரத்தைக் கழற்றுமுன் வண்டி உறுதியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். செங்கற்களை அடுக்கி அவற்றின்மீது எஞ்சினை நிறுத்துவது அபாயகரமானது; செங்கல் சொல்லாமல் உடையும். அகலமான மரக்கட்டையே தக்கது. அச்சின் மரையாணியைத் தளர்த்தி, பிரேக் தண்டையும் அதன் தாங்குகையையும் விடுவித்து, அச்சை உருவும்போது வெளிவரும் வளையங்களையும் இடைக்குழல்களையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வைக்கலாம். பின்னர் எது எப்பக்கம் என்ற திகைப்பு நேராது.

வால்வு இருந்த இடத்துக்கு நேராக டயரின்மீது சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இடுக. இச்சிறு கோட்டின் பயன் பின்னர் விளங்கும்.

டயரின் விளிம்புக்குள் எஃகுக் கம்பி வளையம் ஒன்று புதைந்துள்ளது. அது நீளாது, ஆகவே எவ்வளவு பலமாக நெம்பினாலும் ரிம்மின் விளிம்பைத் தாண்டி அதனை இழுக்க இயலாது. இழுப்பதற்கு வழி, ரிம்மின் நடுவிலுள்ள பள்ளமே. டயர் விளிம்பின் ஒரு பகுதியை அப்பள்ளத்துக்குள் காலால் மிதித்து இறக்கிவிட்டால், எதிர்ப்பக்கத்தில் அதற்குச் சிறிது நெகிழ்வு கிட்டுகிறது. அந்த நெகிழ்வைக் கொண்டே அதனை ரிம்முக்கு வெளியே எடுக்கிறோம். வால்வு இருக்குமிடத்தில் டியூப் குறுக்கே நிற்பதால் விளிம்பு பள்ளத்துக்குள் இறங்காது. ஆகவே கழற்றும்போது நெம்புகோலை வால்வின் அருகில் தொடங்க வேண்டும். மாட்டும்போது வால்வின் எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வின் அருகில் முடிக்க வேண்டும். இந்த ஒழுங்கைப் பின்பற்றினால் இவ்வேலைக்குப் பலம் தேவையில்லை. பலம் தேவைப்படுகிறது எனில், எதிர்ப்பக்கத்து விளிம்பு பள்ளத்திலிருந்து மேலேறிவிட்டது என்பதே பொருள். அந்நிலையில் மேலும் நெம்பினால் டியூப் கிழியும், அல்லது ரிம் நெளியும். வழுக்கலுக்குச் சோப்பு நீர் போதும். தேங்காயெண்ணெயாயினும் கடுகெண்ணெயாயினும் ரப்பருக்குக் கேடே செய்யும்.

டியூபில் சிறிது காற்றடித்து நீரில் அமிழ்த்தித் துளையைக் கண்டதும், டியூபை டயரின்மீது வைத்து, வால்வைச் சுண்ணக்கட்டிக் கோட்டுக்கு நேராகப் பொருத்துக. துளைக்கு நேராக டயரில் எவ்விடம் வருகிறதோ அங்கேதான் ஆணியோ முள்ளோ இருக்கும். டியூப் திருப்பி வைக்கப்பட்டிருக்கலாம் என்பதால் எதிர்த்திசையில் அதே தூரத்திலும் தேடிப் பார்க்க வேண்டும். விரலை நேரே விடாமல் ஒரு பழந்துணியை டயரின் உட்புறம் சுற்றிலும் தேய்த்துச் சென்றால், முள் இருக்குமிடத்தில் துணி மாட்டிக்கொள்ளும். துளையை ஒட்டிவிட்டு முள்ளை உள்ளேயே விட்டுவிட்டமையால் அதே நாளில் இருமுறை பஞ்சரானவர்கள் பலர்.

துளை எங்கே அமைந்துள்ளது என்பதும் ஒரு செய்தியைக் கூறுகிறது. தரையை நோக்கிய பக்கத்தில் ஒற்றைத் துளை எனில் ஆணி. ரிம்மை நோக்கிய உட்பக்கம் எனில், ஆரக்கம்பியின் முனை அல்லது நைந்த ரிம் நாடா. அருகருகே இரண்டு வெட்டுகள் எனில், காற்றுக் குறைவாக இருந்த டயர் பள்ளத்தில் மோதி, டியூப் ரிம்முக்கும் டயருக்கும் இடையே நசுங்கியது என அறியலாம்; குற்றம் சாலையினுடையது அன்று, காற்றைச் சோதியாதவருடையது. வால்வின் அடியில் கிழிந்திருந்தால், டயர் ரிம்மின்மீது நழுவி டியூபையும் இழுத்துச் சென்றிருக்கிறது. இதனை ஒட்ட முயல்வது வீண். புதிய டியூபே போட வேண்டும். இவ்வகைக் கிழிசலே ஓடும்போது காற்றை ஒரு நொடியில் வெளியேற்றுவது. ஆனால் அது முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. ரிம்முக்கு வெளியே வால்வுத் தண்டு நேராக நிற்காமல் சாய்ந்திருக்கக் கண்டால் டயர் நழுவத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே காற்றை இறக்கி டயரைத் திருப்பி வால்வை நேராக்கி, உரிய அழுத்தத்துக்குக் காற்றடிக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் வண்டியை எடுக்குமுன் வால்வை ஒரு முறை நோக்குவதற்கு எவ்விதச் செலவும் இல்லை.

ஒட்டுப் போடுவதில் பலர் செய்யும் தவறு, ரப்பர் கரைசல் ஈரமாக இருக்கும்போதே பட்டையை வைத்து அழுத்துவதாகும். கரைசல் பசையைப் போன்றதன்று. அதிலுள்ள திரவம் ஆவியாகிச் சென்ற பின்னர் எஞ்சும் மெல்லிய ரப்பர்ப் படலமே பட்டையுடன் இணைகிறது. திரவம் உள்ளே அகப்பட்டுக்கொண்டால் ஒட்டு வெயிலில் குமிழ்த்துக் கிளம்பிவிடும். டியூபின் பரப்பை உப்புத்தாளால் மங்கும்வரை தேய்த்து, பட்டையைவிடச் சற்று அகலமாக மெல்லியதாய்க் கரைசலைத் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத நிலை வரும்வரை சில நிமிடங்கள் பொறுத்திருந்து, பின்னர் பட்டையை நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்துக. இதனைக் காற்றோட்டமுள்ள இடத்தில், அடுப்பும் பீடியும் அருகில் இல்லாமல் செய்தல் வேண்டும்.

டியூபை உள்ளே வைக்குமுன் அதில் சிறிதளவு காற்றடித்து உருண்டை வடிவம் பெறச் செய்தால் மடிப்பு விழாது. டயரின்மீதுள்ள அம்புக்குறி முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்டுமாறு மாட்டுக. கடைசி நெம்பலின்போது வால்வை உள்நோக்கிச் சற்றுத் தள்ளினால், டியூப் டயர் விளிம்பின் அடியில் அகப்படாது. காற்றடித்தபின், டயரின் பக்கச் சுவரில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய வரை சுற்றிலும் ஒரே அளவாகத் தெரிகிறதா என்று நோக்க வேண்டும்.

காற்றும் டயரும்

100 கன சென்டிமீட்டர் வகை வண்டிகள் பலவற்றில், தனியொருவர் செல்லும்போது முன் சக்கரத்துக்குச் சதுர அங்குலத்துக்கு 25 பவுண்டு அளவிலும், பின் சக்கரத்துக்கு 28 பவுண்டு அளவிலும் காற்றழுத்தம் இருத்தல் வேண்டும். பின்னால் ஒருவர் அமரும்போது பின் சக்கரத்துக்கு 40 பவுண்டை ஒட்டிய அழுத்தம் தேவைப்படும். அந்தந்த வண்டிக்குரிய சரியான எண் அதன் கையேட்டிலும், பெரும்பாலும் சங்கிலி உறையின்மீதும் அச்சிடப்பட்டிருக்கும். டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் அளப்பதே சரி. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து மதிப்பிடுவது ஏமாற்றத்தையே தரும். 20 பவுண்டுக்கும் 28 பவுண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கட்டைவிரல் அறியாது.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இருசக்கர வண்டி டயரின் பள்ளத்தின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. மழைக்காலத்தில் அந்த எல்லை வரை காத்திருப்பது அறிவுடைமையன்று. பள்ளங்கள் நீரை வெளியேற்றுவதற்காகவே உள்ளவை. டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2322 என்றிருந்தால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது எனக் கொள்க. அதிகம் ஓடாத வண்டியிலும் ரப்பர் முதுமை அடைகிறது. பக்கச் சுவரில் நுண்ணிய வெடிப்புகள் படர்ந்த டயர், பள்ளம் நிறைய இருப்பினும் நம்பத்தக்கதன்று.

டியூப் இல்லாத டயர்களில் ஆணி பாய்ந்த துளையை ரப்பர்த் திரியால் வெளியிலிருந்தே அடைத்துவிடலாம். பக்கச் சுவரில் ஏற்பட்ட துளையை எவ்விதத்திலும் அடைக்க முயலலாகாது. வார்ப்புச் சக்கரத்தில் வெடிப்போ நெளிவோ கண்டால் அதனைச் சூடாக்கிச் சுத்தியால் தட்டி நிமிர்த்துவோர் உண்டு. வார்த்த அலுமினியக் கலவை எஃகைப்போல் வளைந்து கொடுக்கும் இயல்புடையதன்று. தட்டிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு எஞ்சிவிடும். இவ்வேலையை வீட்டிலும் செய்யலாகாது, பட்டறையிலும் செய்விக்கலாகாது.

பேரிங்கும் பிரேக்கும்

உயர்த்தி நிறுத்திய சக்கரத்தின் மேற்புறத்தை ஒரு கையாலும் கீழ்ப்புறத்தை மறு கையாலும் பற்றிப் பக்கவாட்டில் அசைத்தால், ஆட்டம் எதுவும் தென்படலாகாது. ஆட்டம் இருந்தாலோ, சுழற்றும்போது மணல் அரைபடுவது போன்ற ஓசை எழுந்தாலோ குடத்திலுள்ள பேரிங்குகள் தேய்ந்துவிட்டன என அறியலாம். பேரிங்கின் முகத்தில் பொறித்துள்ள எண்ணே அதன் அளவைக் கூறிவிடும். 6301 எனில் உள்விட்டம் 12, வெளிவிட்டம் 37, அகலம் 12 மில்லிமீட்டர். 6302 எனில் 15, 42, 13. கடைக்காரர் தரும் உறையை நம்புவதைவிட இவ்வெண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பது மேல்.

புதிய பேரிங்கைக் குடத்துக்குள் இறக்கும்போது அதன் வெளி வளையத்தில் மட்டுமே அடி விழ வேண்டும். உள் வளையத்தில் அடித்தால் குண்டுகள் ஓடும் தடத்தில் தழும்பு விழுந்து, பொருத்தும்போதே அது பாழாகிவிடும். பழைய பேரிங்கின் வெளி வளையமே இதற்கு நல்ல கருவி. இரண்டு பேரிங்குகளுக்கும் இடையிலுள்ள குழலை மறந்துவிடலாகாது. அக்குழல் இல்லாவிடில், அச்சை இறுக்கும் விசை முழுவதும் பேரிங்குகளின் பக்கவாட்டில் பாய்ந்து சில நூறு கிலோமீட்டரில் அவற்றை அழித்துவிடும். மூடிய வகைப் பேரிங்குகளுக்குள் மீண்டும் கிரீஸ் திணிக்க வேண்டியதில்லை. வேகமாகப் பீச்சும் நீரைக் குடத்தின் நடுவில் காட்டுவதும், வெள்ளத்தில் வண்டியை ஓட்டுவதும் அவற்றின் ஆயுளைக் குறைக்கும்.

சக்கரம் கழற்றப்பட்டிருக்கும் வேளையே டிரம் பிரேக்கைச் சோதிப்பதற்கும் தகுந்த வேளை. உள்ளே படிந்துள்ள தூசியை வாயால் ஊதலாகாது. பழைய பிரேக் பட்டைகளில் நுரையீரலுக்குத் தீங்கிழைக்கும் கல்நார் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்துத் துணியை எறிந்துவிடுக. கிரீஸ் படிந்த பட்டையைத் துடைத்துப் பயன்படுத்துவதில் பொருளில்லை, மாற்றுவதே முறை. 2019 ஏப்ரல் முதல் 125 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட எஞ்சினுடைய புதிய வண்டிகளில் பூட்டுத் தடுப்பு பிரேக் அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. அவ்வண்டிகளில் குடத்தின் அருகே பற்களுடைய வளையம் ஒன்றும், அதனை நோக்கிய உணர்கருவியும் இருக்கும். வளையம் சிறிது வளைந்தாலும் அமைப்புச் செயலிழக்கும்; ஆகவே சக்கரத்தை அப்பக்கம் அடியிற்படுமாறு தரையில் கிடத்துதல் கூடாது.

மீண்டும் பூட்டுதல்

பின் சக்கரத்தைப் பூட்டும்போது, சட்டக்கையின் இரு பக்கங்களிலும் பொறித்துள்ள கோடுகளில் அச்சு ஒரே குறியில் நிற்க வேண்டும். பின்னர் சங்கிலியின் தொய்வைக் கையேடு கூறும் அளவுக்குச் சரிசெய்து, அச்சின் மரையாணியை முறுக்கு அளவுகோலுடைய சாவியால் இறுக்குக. அச்சாவி இல்லாதவர், 25 சென்டிமீட்டர் நீளமுள்ள சாவியின் முனையை 20 கிலோகிராம் விசையுடன் இழுத்தால் 5 கிலோகிராம்-மீட்டர் முறுக்கு உண்டாகிறது என்பதை நினைவிற்கொண்டு, தம் கையேட்டிலுள்ள எண்ணுக்கு ஏற்ப மதிப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் கூடிய விரைவில் பட்டறையில் அளந்து சரிபார்த்துக்கொள்வது நலம். பிளவு ஊசி ஒவ்வொரு முறையும் புதியதாகவே இருக்க வேண்டும். ஒரு முறை வளைத்த பழைய ஊசியின் விலை ஒரு கோப்பைத் தேநீரின் விலைகூட ஆகாது.

டிஸ்க் பிரேக் உள்ள வண்டிகளில், சக்கரத்தை மாட்டியதும் பிரேக் பிடியைப் பலமுறை அழுத்தி அது கெட்டியாகும்வரை பார்த்த பின்னரே வண்டியை நகர்த்த வேண்டும். இதனை மறந்தவருக்கு முதல் திருப்பத்தில் பிரேக் இருக்காது.

முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றிலும் மெதுவாக அமையட்டும். திரும்பி வந்ததும் குடத்தின்மீது கையை வைத்துப் பார்க்க வேண்டும். அது சுடுமாயின் பிரேக் உரசிக்கொண்டிருக்கிறது. ஆரக்கம்பிகள் புதியனவாக இருந்தால் அவை தம் இடத்தில் நன்கு அமர்வதற்குச் சில நாட்கள் ஆகும். முதல் 500 கிலோமீட்டருக்குள் ஒரு முறை திருப்புளியால் தட்டி ஒலியைக் கேட்டு, தளர்ந்தவற்றைக் கால் சுற்று இறுக்கி வைக்க வேண்டும்.